துணிக்கம்பைத் தாண்டும் தூண்டில்

ஆழ்கடல் தூண்டிலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் உலகம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கடலின் ஆழத்தைப் பார்க்க வேண்டும் என்பார் சிலர். மீனின் எடையைப் பார்க்க வேண்டும் என்பார் வேறு சிலர். கீழ்வீட்டில் துணி காயப்போடும் கம்பு எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும் எனக் கண்டுபிடித்தவர், தெரிந்தவரை, ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் வசிக்கும் வேதநாயகம் ஒருவர்தான். அறிவுலகம் அவரை இதுவரை கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையை நீக்கவே இந்த வரலாறு எழுதப்படுகிறது.

வேதநாயகத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை. கடுகைவிடச் சற்றே பெரிய பாகங்களைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து, நல்லதை வலப்பக்கமும் கெட்டதை இடப்பக்கமும் தள்ளுவார். காலமெல்லாம் இப்படித் தள்ளிக்கொண்டே இருந்ததால், எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புவதில்லை என்ற குணம் அவருக்குள் உறைந்துவிட்டது. குடை வாங்கப் போனால் கடையிலேயே விரித்து, ஒரு வாளித் தண்ணீர் கேட்பார். அவருடைய மனைவி மார்த்தா வைக்கும் மீன் குழம்பு கல்யாணமான நாளிலிருந்து சோதனையில்தான் இருக்கிறது. முடிவு இன்னும் அறிவிக்கப்படவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு உலகத்தில் தமக்கென்று ஓர் இடம் இருக்கும் என்று நினைப்போம். இல்லை. தொழிற்சாலையில் புது இயந்திரம் வரும்போதெல்லாம் முதலில் நகர்த்தப்படுவது அவருடைய மேசை. மாதா கோவிலில் அவர் வழக்கமாக உட்காரும் பெஞ்சைப் பாடகர் குழு எடுத்துக்கொண்டது. வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில், இஸ்திரி போட வேண்டிய துணிகள் நிரந்தரக் குடியுரிமை பெற்றுவிட்டன.

மிஞ்சியது ஒரே ஓர் இடம். பத்து மாவுங் துறையிலிருந்து புறப்படும் முகம்மதுவின் மீன்பிடிப் படகில், பின்பக்க மூலையில், கழிப்பறைக் கதவுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவே ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலி. டீசல் புகை நேரே முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு முறை கழிப்பறைக் கதவு திறக்கும்போதும் முழங்காலை மடக்க வேண்டும். ஆனாலும் படகில் ஏறும் எவரும் அதில் உட்காருவதில்லை. "அது வேதம் அண்ணன் இடம்" என்று தாண்டிப் போவார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் எத்தனை புகையையும் குடிக்கத் தயார்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வேதநாயகம் ஆயர் ஈத்தாம் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, எதிரே இருக்கும் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே வந்து உட்கார்ந்தான் குகன். காப்புறுதி முகவர், சில மாதங்களுக்கு ஒருமுறை எட்டுப் பேரைச் சேர்த்து முகம்மதுவின் படகை வாடகைக்கு எடுப்பவன் அவன்தான். அவனிடம் எல்லாவற்றிலும் புதியது இருக்கும், அதற்குக் காப்புறுதியும் இருக்கும்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்றான் குகன்.

வேதநாயகம் ரொட்டியைக் கீழே வைத்தார். கோபப்பட வேண்டிய விஷயத்தைச் சொல்லப் போகிறவர்கள்தான் இப்படி ஆரம்பிப்பார்கள்.

"கடைசி மூணு ட்ரிப்பும் நீங்க கும்பாவ்."

கும்பாவ் என்பது இங்கே தூண்டில்காரர்களின் சொல். கடலுக்குப் போய் ஒரு மீன்கூட ஏறாமல் திரும்புவது. ஒருமுறை நேர்ந்தால் சிரிப்பார்கள். இரண்டாம் முறை அனுதாபப்படுவார்கள். மூன்றாம் முறையும் நேர்ந்தால் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள்.

"கும்பாவ்கூட பரவால்ல, அது உங்க லக்கு. ஆனா உங்க நூலு அடிக்குப் போறதே இல்லண்ணே. தண்ணியோட மெதந்து வந்து எல்லார் நூலையும் கட்டிப் பிடிச்சிக்குது. போன தடவ என்னுது அறுந்துச்சு, தயாளனோடது அறுந்துச்சு. கடைசியில நம்ம நங்கூரக் கயித்தையே நீங்கதான் பிடிச்சீங்க."

"நல்லாத்தான் இழுத்துச்சு" என்றார் வேதநாயகம். பொய் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"சுங்கை பாக்காப்புல இருந்து என் மச்சான் கேட்டுக்கிட்டே இருக்கான். எடம் எட்டுதான். இந்தத் தடவையும் உங்களுக்கு ஒண்ணும் ஏறலன்னா, அந்த நாக்காலிய அவனுக்குக் குடுத்துருவோம்லா. வருத்தமில்லாம."

யாருக்கு வருத்தமில்லாமல் என்று அவன் விளக்கவில்லை. போகும்போது ரொட்டிக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்துவிட்டுப் போனான். வேதநாயகத்துக்கு அதுதான் பயமாக இருந்தது. இறந்தவர் வீட்டில்தான் இப்படிச் செலவு செய்வார்கள்.

வீட்டுக்கு வந்து மார்த்தாவிடம் சொன்னார்.

"கக்கூசு பக்கத்துல ஒரு நாக்காலி. அதுக்கா இந்த மூஞ்சி?" என்றார் மார்த்தா.

"கக்கூசு பக்கந்தான். ஆனா என் நாக்காலி."

மார்த்தா இஸ்திரித் துணிகளைப் பார்த்தார்.

தவறு தூண்டிலில் இருக்கிறது என்பது தரச் சோதனைக்காரருக்கு உடனே விளங்கியது. அவரிடம் இருந்தது ஐந்தடி மெல்லிய கம்பு. பாடாங் கோத்தா கடற்சுவரில் உட்கார்ந்து விரல் நீள மீன் பிடிக்க ஏற்றது. அதையே ஆழ்கடலுக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். புதியது வாங்க வேண்டும். ஆனால் வாங்குவதற்கு முன், என்ன தேவை என்று சோதித்தாக வேண்டும். சோதிப்பதற்குக் கடல் வேண்டும். கடலுக்குப் போக நாற்காலி வேண்டும். நாற்காலி நிலைக்க நல்ல தூண்டில் வேண்டும். இந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவர், மாலையில் சமையலறைப் பின்கட்டில் நின்று கீழே எட்டிப் பார்த்தார்.

அவர் குடியிருப்பது ஃபிளாட்டின் பன்னிரண்டாம் மாடி. கீழே சிமெண்டுத் தரை. முகம்மது படகை நிறுத்தும் இடத்தின் ஆழம், இந்த உயரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆக, கடல் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே தண்ணீர் ஊற்றிய இரண்டு ஃபிளாட். மீன் என்பது ஐந்து கிலோ அரிசிப் பை. பன்னிரண்டாம் மாடிக்கு அரிசியை இரண்டு தடவை தொடர்ந்து இழுக்க முடிந்தால், கடலடியிலிருந்து மீனை ஒரு தடவை இழுக்க முடியும். இந்தக் கணக்கில் குறை கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் மார்த்தாவை அரிசிப் பையோடு கீழே அனுப்பினார். கைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பழைய ஐந்தடிக் கம்பிலிருந்து நூலை இறக்கினார். காற்று கொஞ்சம் வீசியது. சற்று நேரத்தில் நூல் இறுகியது.

"ஏறிருச்சு, மார்த்தா. கனம் கம்மியா இருக்கு. ஆனா நல்லா ஒதறுது."

"என்னாத்த ஏறிருச்சு? நான் இன்னும் அரிசியக் கட்டவே இல்லீங்க."

"அப்ப நான் எத இழுக்கிறேன்?"

கீழே மார்த்தா அண்ணாந்து பார்த்தார்.

"பச்சக் கட்டம் போட்ட கைலி" என்றார் மார்த்தா.

ஒன்பதாம் மாடியில் சுலைஹா குடியிருக்கிறார். எல்லா வீட்டையும் போல அவர் வீட்டுப் பின்கட்டிலிருந்தும் துணி காயப்போடும் கம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வேதநாயகத்தின் கொக்கி அதில் ஒன்றிலிருந்து அவருடைய கணவரின் கைலியைக் கவ்விக்கொண்டது. கைலி மெல்ல மேலெழுந்து பத்தாம் மாடியையும் பதினோராம் மாடியையும் கடந்து, பன்னிரண்டாம் மாடியில் கரை சேர்ந்தது. மூன்று பயணங்களுக்குப் பிறகு வேதநாயகத்தின் தூண்டிலில் ஏறிய முதல் உருப்படி அது.

மார்த்தா மேலே வந்து சேர்வதற்கு முன்பே சுலைஹா வாசலில் நின்றார்.

"வேதம் அண்ணே, எங்க வீட்டுக்காரர் கைலி இங்க வந்துச்சாமே."

"வந்துச்சும்மா."

"அதுவா வந்துச்சா, நீங்க கூப்டீங்களா?"

வேதநாயகம் முழுக் கதையையும் சொன்னார். கும்பாவ், குகன், மச்சான், நாற்காலி, அரிசி. சுலைஹா முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டார். கைலியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"கம்பு நீளமா வேணும். உங்க துணிக்கம்பு செவத்துல இருந்து எவ்ளோ வெளிய நிக்கிதுன்னு கொஞ்சம் அளந்து சொல்ல முடியுமா?"

"கைலியையும் குடுத்து அளவும் குடுக்கணும்" என்றார் சுலைஹா. ஆனாலும் அளந்து சொன்னார். விரித்த கைகளால் அளந்ததால் விரல்கடை முன்பின் இருக்கலாம் என்றும் நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை வேதநாயகம் ஜார்ஜ் டவுனில் ஒரு தூண்டில் கடைக்குப் போனார். தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஒரு வயதான சீனர். வெட்டுப்பட்ட மலாயில் பேசுவார். பேசுவதை விடக் கையால் காட்டுவது அதிகம். ஆழ்கடலுக்கு என்றதும் கட்டைவிரல் தடிப்பில், இடுப்புக்குச் சற்று மேலே வரும் ஒரு குட்டைக் கம்பை எடுத்து நீட்டினார். படகில் நின்று நேர் கீழே இறக்கி மேலே இழுக்கக் கம்பு குட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்றார். குட்டையாக இருந்தால் நீ மீனை இழுப்பாய், நீளமாக இருந்தால் மீன் உன்னை இழுக்கும் என்று வேதநாயகத்தின் கையில் கம்பைக் கொடுத்து, மறுமுனையைத் தாமே பிடித்து இழுத்துக் காட்டினார். பிறகு நீளமான ஒன்றைக் கொடுத்து இழுத்தார். வேதநாயகம் கல்லாப்பெட்டிமேல் போய் விழுந்தார்.

சோதனை தெளிவாக இருந்தது. வேறு எவராக இருந்தாலும் அதோடு நிறுத்தியிருப்பார்கள்.

ரீல் விஷயத்தில் அவர் தவுக்கே சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். பளபளப்பைப் பார்க்காதே, நிறைய நூல் கொள்ளுமா என்று பார். கம்பு தாங்கும் பலம், ரீல் தாங்கும் பலம், நூல் தாங்கும் பலம் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் வீரனாக இருந்தால் மற்ற இரண்டும் செத்துப்போகும். ரீலில் ஒரு திருகு இருக்கிறது. மீன் வெறிபிடித்து ஓடும்போது நூல் அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது அதுதான். அது கரகரக்காமல் வழுக்க வேண்டும். ஈயக்குண்டு கனமாக இருக்கட்டும். அடியைத் தொடாத தூண்டில் தூண்டிலே அல்ல. வேதநாயகம் ஒவ்வொரு ரீலையும் காதருகே வைத்துச் சுற்றிக் கேட்டார். கடைப் பூனைகூட எழுந்து போய்விட்டது. கடைசியில் ஒன்று தேறியது.

"கம்பு மட்டும் எட்டடி குடுங்க" என்றார்.

"கரையில நிக்கப் போறியா?"

"இல்ல. படகு."

"இப்பதான விழுந்த?"

"விழுந்தேன். ஆனா கீழ்வீட்ல துணி காயுது."

தவுக்கே குட்டைக் கம்பைத் திரும்ப மாட்டினார். பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல், கரையில் நின்று பெரிய மீன் பிடிக்கும் தடித்த எட்டடிக் கம்பு ஒன்றை மாட்டி வைத்திருந்த இடத்திலிருந்து இறக்கினார். நீண்டகாலம் கடை நடத்துகிறவர்களுக்கு எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

இப்படியாக, கடலுக்கு ஏற்ற ரீலும் ஒன்பதாம் மாடிக்கு ஏற்ற கம்பும் ஒன்றாக மாட்டப்பட்டு, ஆயர் ஈத்தாமுக்கு வந்து சேர்ந்தன. எட்டடிக் கம்பு சுலைஹா வீட்டுத் துணிகளை ஒரு முழ இடைவெளியில் தாண்டியது. அரிசி இரண்டு தடவையும் ஏறியது. வேதநாயகத்தின் வயிற்றில் கம்பின் அடி அழுத்திய இடம் கன்றிப்போனது. மார்த்தா ஒரு பழைய தலையணையை அங்கே கட்டிவிட்டார்.

அந்த வாரம் லிஃப்ட் கெட்டுப்போனது.

அது கெடுவது புதிதல்ல. புதிது என்னவென்றால், இந்த முறை பன்னிரண்டாம் மாடியில் ஒருவர் தினமும் மாலையில் அரிசியை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட்டு ரோசாக்" என்று கீழேயிருந்து சுலைஹா அழைத்தார். கைபேசியில் அல்ல, தொண்டையில். "அண்ணே, சும்மா அரிசியத்தான ஏத்தி ஏத்தி எறக்குறீங்க. என் பாசார் பையக் கொஞ்சம் ஒன்பதாம் மாடியில விட்டுருங்க."

மறுக்க முடியாது. கைலிக் கடன் ஒன்று நிலுவையில் இருந்தது. பை ஏறியது. ஒன்பதாம் மாடியில் சுலைஹாவின் கணவர், சம்பந்தப்பட்ட கைலியிலேயே நின்று, துணிக்கம்பால் பையை உள்ளே இழுத்துக்கொண்டார். மறுநாள் பத்தாம் மாடிக்கு இரண்டு தேங்காய், ஆறாம் மாடிக்கு ஒரு குழந்தையின் சைக்கிள். மூன்றாம் மாடிக்காரர்கூட ஒரு கோழியைக் கட்டி அனுப்பச் சொன்னார். நடந்தே போகலாமே என்று கேட்டதற்கு, எல்லாருக்கும் செய்கிறீர்கள் எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கோபித்துக்கொண்டார். கடலில் நாற்காலிக்குப் போராடும் மனிதர், ஃபிளாட்டில் லிஃப்டாகவே பதவியேற்றுவிட்டார்.

பிறகு முட்டை வந்தது.

"இது ஒடைஞ்சா கைலி கதைய நான் பாசார்ல சொல்லிருவேன்" என்றார் சுலைஹா, ஓர் அட்டை நிறைய முட்டையைப் பையில் கட்டியபடி.

அரிசியை வெடுக்கென்று இழுக்கலாம். தேங்காயையும் இழுக்கலாம். முட்டையை இழுக்க முடியாது. கம்பை மெல்ல உயர்த்தி, இறக்கும்போது மட்டும் ரீலைச் சுற்றி, மறுபடி மெல்ல உயர்த்த வேண்டும். காற்றில் பை சுவர்ப்பக்கம் போனால் எதிர்த்து இழுக்கக் கூடாது. திருகைத் தளர்த்திக் கொஞ்சம் நூலை விட்டுக்கொடுத்து, கம்பை வெளியே நீட்டி, பை தானாகவே திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். முதல் நாள் நான்கு முட்டை உடைந்தது. சுலைஹா பாசாரில் பாதிக் கதையைச் சொன்னார். அடுத்த நாள் ஒன்று உடைந்தது. லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவழியாக வந்து சேர்ந்த நாளில், முழு அட்டையும் உடையாமல் ஏறியது. ஃபிளாட்டில் சிலர் அவர் வந்ததற்கு வருத்தப்பட்டார்கள்.

பயணத்துக்கான நாள் வந்தது. எட்டடிக் கம்பைப் படகுக்குள் கொண்டுபோவதே ஒரு காட்சியாகிவிட்டது. முதலில் கூரையில் இடித்தது. திருப்பினால் தயாளனின் தொப்பியைத் தட்டிக் கடலில் போட்டது.

"அண்ணே, எந்த சேனல் வருது?" என்றான் குகன்.

தெக்கோங் முகம்மது கம்பை மேலும் கீழும் பார்த்தார். இங்கே படகை ஓட்டி, மீன் இருக்கும் இடத்தையும் காட்டுபவருக்குத் தெக்கோங் என்று பெயர். படகில் அவர் சொன்னதுதான் சட்டம்.

"அண்ணே, இது என் படகுக்குள்ள இருக்கக் கூடாது. கடல் பக்கம் நீட்டி வச்சுக்கங்க. துறைமுகத்துல கேட்டா கொடிக்கம்புன்னு சொல்லிக்கிறேன்."

வேதநாயகம் தம் நீல நாற்காலியில் உட்கார்ந்தார். வயிற்றில் மார்த்தாவின் தலையணை. டீசல் புகை. முழங்காலை மடக்கினார். இந்த இடத்தைக் கடைசியாகப் பார்த்துக்கொள்வதுபோல ஐஸ் பெட்டியின் மூடியை ஒருமுறை தடவினார்.

காலை வெயில் ஏறியபோது படகு நின்றது. எல்லாரும் இறக்கினார்கள். வேதநாயகத்தின் ஈயக்குண்டு இறங்கிக்கொண்டே போய், எங்கேயோ அடியில் மெத்தென்று உட்கார்ந்தது. அந்த மெத்து நூல் வழியே ஏறி அவர் விரலுக்கு வந்தது. மற்ற ஏழு பேரும் பல வருஷமாக அனுபவித்து வந்த சாதாரண விஷயம் அது. அவருக்கு முதல் தடவை.

நூல் எவர்மீதும் சுற்றவில்லை என்பதை முகம்மது கவனித்தார். ஆனால் மீனும் ஏறவில்லை. குகன் இரண்டு பிடித்தான். தயாளன் தொப்பி இல்லாமலே மூன்று பிடித்தான். வெயில் உச்சிக்கு வந்து சாய ஆரம்பித்தது. இன்னும் ஓர் இடம்தான், அப்புறம் திரும்பல் என்றார் முகம்மது. குகன் கைபேசியை எடுத்து யாருக்கோ செய்தி அனுப்பினான். சுங்கை பாக்காப் என்று வேதநாயகம் ஊகித்துக்கொண்டார்.

அப்போது எட்டடிக் கம்பு வளைந்தது.

வளைந்தது என்று சொல்வது குறைவு. தவுக்கே சொன்னது அப்படியே நடந்தது. கம்பின் நீளமெல்லாம் மீனின் பக்கம் சேர்ந்துகொண்டு வேதநாயகத்தை நாற்காலியோடு இழுத்தது. படகின் விளிம்பில் தலையணை முட்டியதால்தான் அவர் நின்றார்.

"இழுங்கண்ணே, வெடுக்குனு இழுங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

வேதநாயகம் இழுக்கவில்லை. மெல்ல உயர்த்தினார், இறக்கும்போது சுற்றினார். மெல்ல உயர்த்தினார்.

"என்னாண்ணே, தாலாட்டுறீங்களா?"

மீன் பாதித் தூரம் ஏறி வந்ததும் திடீரென்று படகுக்கு அடியில் ஓடியது. பின்பக்கம், நேரே படகை உந்தும் சுழலியை நோக்கி. நூல் படகின் அடியில் உரசினால் போயிற்று. குகனின் பெரிய மீன்கள் பெரும்பாலும் அங்கேதான் தொலைந்திருக்கின்றன. குட்டைக் கம்பை எவ்வளவு நீட்டினாலும் அது படகின் பின்பக்கத்தைத் தாண்டாது.

"போச்சு" என்றார் முகம்மது, அனுபவத்தோடு.

வேதநாயகம் எழுந்து, எக்கி, இரண்டு கைகளையும் நீட்டி, கம்பைப் படகுக்கு வெளியே கொண்டுபோனார். முனை படகின் பின்பக்கத்தைத் தாண்டிப் போய் நின்றது. திருகைத் தளர்த்தினார். நூல் கொஞ்சம் போகட்டும் என்று விட்டார். உதடுகள் அசைந்தன.

"சுலைஹா கைலி... சுலைஹா கைலி..."

படகில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாதாவைக் கூப்பிடுவார் என்றுதான் எதிர்பார்த்தார்கள்.

"யாருண்ணே சுலைஹா?" என்றான் தயாளன் மெதுவாக.

"ஒன்பதாம் மாடி" என்றார் வேதநாயகம், கண்ணை எடுக்காமல். "பேசாத. முட்ட இருக்கு."

மீன் சுழலியை விட்டு விலகி வெளியே வந்தது. களைத்துப்போய்த் திரும்பியது. மெல்ல உயர்த்தினார், மெல்லச் சுற்றினார். நீலத்துக்குள் சிவப்பாக ஏதோ மின்னியது. முகம்மது கொக்கிக் கழியை நீட்டி அதைத் தூக்கி, ஐஸ் பெட்டிமேல் போட்டார். ஜெனாஹாக் என்ற பெரிய கடல்மீன். தலையை மட்டும் குழம்பு வைத்தாலே ஒரு குடும்பம் சாப்பிடலாம். அன்றைக்குப் படகில் ஏறியதிலேயே அதுதான் பெரியது.

வேதநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். "உடையல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் முகம்மது ஒரு கயிற்றை எடுத்து வந்தார். குனிந்து, நீல நாற்காலியின் காலைப் படகுக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். பிறகு குகனைப் பார்த்தார்.

"உங்க மச்சான் வரட்டும், தம்பி. ஆனா நின்னுக்கிட்டு வரட்டும்."

குகன் கைபேசியைப் பைக்குள் போட்டான். "நான் சும்மாதான் சொன்னேன், அண்ணே" என்றான். "வருத்தமில்லையே?"

"எனக்கு இல்ல" என்றார் வேதநாயகம்.

ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாலை வெயில் இருந்தது. லிஃப்ட் மறுபடி ரோசாக். குகன் தன் காரில் கொண்டுவந்து இறக்கிய மீன் கீழே கிடந்தது. தூக்கிக்கொண்டு படியேற முடியாது. வேதநாயகம் எட்டடிக் கம்பை மட்டும் எடுத்துக்கொண்டு மூச்சு வாங்கப் படியேறினார். பின்கட்டிலிருந்து நூல் இறங்கியது. மார்த்தா கீழே வந்து, இந்தத் தடவை அரிசியைக் கட்டவில்லை.

அன்று மாலை ஜெனாஹாக் இரண்டாம் முறை பிடிபட்டது. மூன்றாம் மாடிக்காரர் கோழியை மறந்து எட்டிப் பார்த்தார். ஆறாம் மாடிக் குழந்தை சைக்கிளை விட்டு ஓடிவந்தது. மீன் ஒவ்வொரு வீட்டுப் பின்கட்டையும் மரியாதையாகக் கடந்து, காற்றில் வால் மெல்ல ஆட மேலே போனது. ஒன்பதாம் மாடியில் காய்ந்துகொண்டிருந்த பச்சைக் கட்டம் போட்ட கைலியை ஒரு முழ இடைவெளியில் தாண்டியது.

"வேதம் அண்ணே" என்று சுலைஹா கூப்பிட்டார். "தலைய எனக்கு விட்டுருங்க."

மார்த்தா அன்று வைத்த குழம்பை வேதநாயகம் ருசி பார்த்து, இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டார். முடிவு அறிவிக்கப்படவில்லை. ஆனால் மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியில் துணிகள் இல்லை.

வரலாறு இங்கே முடிந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது, ஃபிளாட்டுக்குக் கீழே குகன் நின்றுகொண்டிருந்தான். தோளில் புத்தம் புதிய கம்பு, எட்டடிக்கும் மேலே. குகன் வசிப்பது ஒற்றை மாடித் தரைவீட்டில். அவன் வீட்டுக்குக் கீழே துணி காயப்போட எவரும் இல்லை. படகில் எல்லாருக்கும் குட்டைக் கம்புதான் ஏற்றது என்பதில் தவுக்கேயும் முகம்மதுவும் இன்றுவரை மாறவில்லை. அதையெல்லாம் வேதநாயகம் எடுத்துச் சொன்னார். குகன் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை மேலேயிருந்து இறக்கிப் பார்க்க வேண்டும் என்றான். பாசாரிலிருந்து முட்டையும் வாங்கி வந்திருந்தான்.

ஒன்பதாம் மாடியிலிருந்து சுலைஹா எட்டிப் பார்த்தார். முதலில் கைலியை உள்ளே எடுத்தார்.

"தம்பி" என்றார் பிறகு. "முட்டையெல்லாம் அப்புறம். நீ அரிசியில ஆரம்பி."